கொத்துச் சத்தத்துக்கு மேலே ஒரு வகுப்பு

நேற்று கனடாவின் அஜக்ஸ் நகரில் ஒரு சாப்பாட்டுக் கடையைக் கடந்தபோது, கல்லில் கருகிய ரொட்டியின் மணம் என்னை ஸ்காபரோவில் இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட ஒரு பிளாசாவின் மாடிக்குக் கொண்டுபோனது. கீழே கொத்து ரொட்டிக் கடை. மேலே, எண்ணெய்ப் புகை ஏறி மஞ்சளித்த சுவர்களுக்குள், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எங்களுக்கு ஆங்கிலக் கட்டுரைக்கான இலக்கணம் சொல்லித்தந்த ரியூஷன் வகுப்பு.

"'நான் நினைக்கிறன்' எண்டு எழுதாதேங்கோ. 'சான்றுகள் காட்டுகின்றன' எண்டு எழுதுங்கோ," என்பார். கீழே ரொட்டியைக் கொத்தும் இரும்புத் தகடுகளின் சத்தம் தரை வழியாக ஏறிவந்து மேசைகளை அதிரவைக்கும். அடிப்பது என் அம்மா.

"கொம்மா தாளம் போடுறா, நீ பாடனடா," என்பான் பக்கத்தில் இருப்பவன்.

ஒருநாள் சின்ன வசனங்களை இணைத்து நீள வசனம் எழுதப் பழகிக்கொண்டிருந்தபோது சத்தம் நின்றது. அக்காவும் பேச்சை நிறுத்தினார். நான் கீழே ஓடினேன். அம்மா வெங்காய மூட்டையில் சாய்ந்திருந்தார். வலது கை எழும்பவில்லை.

"அன்ரி, ஓடர் நிக்குது," என்றார் முதலாளி.

"ஒண்டுமில்லை, கை விறைச்சுப்போச்சு. நீ மேல போய்ப் படி," என்றபடி அம்மா இடது கையால் தகட்டைத் தேடினார். நான் அதை எடுத்துக்கொண்டேன். அந்தக் கை பிறகு இயங்கவில்லை. நானும் திரும்ப மேலே போகவில்லை.

நான் அடிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மேலே பிள்ளைகள் திரும்ப உட்காரக் கதிரைகள் இழுபட்டன. சத்தம் திரும்பக் கேட்டதும், அம்மாதான் மறுபடி அடிக்கிறார் என்று நினைத்து அவர்கள் பாடத்தைத் தொடர்ந்தார்கள்.