ஒரே டிக்கெட்டில் பதினோரு பயணம்

இது பதினோராவது பயணம். டிக்கெட் என்னவோ ஒன்றுதான். படகுத்துறையின் பலகைத் தளத்தில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, வரிசையில் வருகிறவர்களின் முகங்களை அந்த அம்மாள் ஒவ்வொன்றாக எடைபோடுகிறார். "பச்சைச் சட்டை, துறைமுகத்தைத் தாண்டுறதுக்குள்ள. கண்ணாடி போட்ட சார், திரும்பி வர்றப்ப. அந்தப் புதுப்பொண்ணு, கிளம்பின உடனே." யார் எப்போது வாந்தியெடுப்பார்கள் என்கிற கணிப்பு இது. புதுப்பெண்ணின் கணவன்? "அவருக்கு ஒண்ணும் ஆகாது. கழுத்தைப் பாருங்க, தூண் கணக்கா."

வயது ஐம்பத்தெட்டு. ஆள் குள்ளம், குரல் அப்படியில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் மலைப்பாதைப் பேருந்தில் நடத்துநராக இருந்து, போன வாரம்தான் ஓய்வு பெற்றார். டால்ஃபின்களையும் திமிங்கிலங்களையும் காட்டுவதற்காகச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் கடலுக்குள் போய்வரும் இந்த வெள்ளை யாட் படகில் அவருக்குப் பெயர் 'கண்டக்டர் அக்கா'. படகை ஓட்டுபவரை அவர் 'டிரைவர்' என்றே கூப்பிடுகிறார். "கேப்டன்னு சொல்லுங்கக்கா, நாலு பேரு கேக்கறாங்க" என்று அவரும் பல முறை கெஞ்சிப் பார்த்துவிட்டார். "ஸ்டியரிங் பிடிக்கிறவர் டிரைவர். இதுல என்ன கௌரவக் குறைச்சல்?"

பணிமனையில் ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். இவருடைய பேருந்தின் ஓட்டுநர்தான் குறுக்கே விழுந்து தடுத்தாராம்: "ஆயுசு பூரா மணி பாத்துட்டே ஓடின மனுஷிக்கு இன்னொரு கடிகாரமா? கடலைப் பாக்கட்டும்யா." எல்லோரும் சேர்ந்து யாட் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். சீசன் முடிவதற்குள் போக வேண்டுமே என்று, ஓய்வுக்குக் காத்திராமல், விடுப்பு நாள் ஒன்றில் வந்தார். பிறகு ஒவ்வொரு விடுப்பு நாளும் வந்தார்.

அதற்குக் காரணம் படகுக்காரர்களின் வாக்குறுதி. எதையும் கண்ணால் பார்க்காமல் திரும்புகிறவர்கள் அதே டிக்கெட்டில் மறுபடி வரலாம். இறங்கும் இடத்தில் கேப்டனின் மனைவி நின்று ஒவ்வொருவரிடமும் கேட்பார்: "பாத்தாச்சா?" பார்த்துவிட்டுப் பொய் சொல்கிறவர்களும் உண்டு. கண்டக்டர் அக்கா பத்து முறையும் "இல்லம்மா" என்று சொன்னது உண்மை. அந்தப் பயணங்களில் பெரும்பாலானவற்றில் டால்ஃபின்கள் துள்ளின. இரண்டில் திமிங்கிலமே வந்தது. படகு மொத்தமும் பார்த்தது. இவர் மட்டும் பார்க்கவில்லை.

எப்படி முடியும்? யாராவது "அதோ!" என்று கத்தினால், அந்த நொடியில் எங்கோ ஒருவர் குனிந்து வாயைப் பொத்துவார். அக்கா அங்கே போய்விடுவார். செய்தித்தாளில் அவரே மடித்த பைகள் தோள்பையில் ஒரு கட்டு இருக்கின்றன. ஒரு கை நெற்றியைத் தாங்கும், மறு கை பையைப் பிடிக்கும். "விடுங்க, விடுங்க, வெளிய வந்துட்டா நல்லது. யாரும் பாக்கல. எல்லாரும் டால்ஃபினைத்தான் பாக்கறாங்க."

வாந்தி இல்லாவிட்டால் சாய்வு. சின்னப் படகு இது. எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் லேசாகச் சரியும். பெரிய ஆபத்தில்லை என்று கேப்டன் சொல்வார். அக்கா கேட்பதாக இல்லை. அவருடைய மலைப்பாதையில் ஒரு வளைவில் அருவி விழுகிறது. பேருந்து அங்கே திரும்பியதும் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் எழுந்து இடப்பக்கம் பாய்வார்கள். அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து, பாதிப் பேரைத் திருப்பி உட்காரவைப்பது முப்பத்தொரு ஆண்டுகளாக இவருடைய வேலை. "அந்த அருவி எப்படி இருக்கும்னு என்னைக் கேட்டா எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும் நல்லாத் தெரியும்." படகிலும் அதே கைகள், அதே முதுகு. "உங்க மூஞ்சியை எந்தத் திமிங்கிலமும் பாத்ததில்லக்கா" என்பார் கேப்டன்.

வேறு சில வழக்கங்களும் கூடவே ஏறி வந்திருக்கின்றன. உட்கார மாட்டார். கம்பியையும் பிடிக்க மாட்டார். முதுகைப் பாய்மரத்தில் சாய்த்து, முழங்கால்களை லேசாகத் தளர்த்தி நிற்பார். அலை வந்தால் இடுப்புக்குக் கீழேதான் ஆடுவார், மேலே ஆட மாட்டார். காலியிடம் கண்டால் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று வாய் தானாகச் சொல்லும். ஒருநாள் ஒரு பெரியவரிடம் "எங்க இறங்கணும்?" என்று கேட்டேவிட்டார். நடுக்கடல். அவரும் பதறாமல், "எங்க ஏறினோமோ அங்கதாம்மா, வேற ஸ்டாப் இருக்கா?" என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லி அக்காவே சிரிக்கிறார்.

இதையெல்லாம் கவனித்த கேப்டன் சென்ற மாதம் ஒரு கேள்வி கேட்டார். அடுத்த சீசனிலிருந்து படகில் வேலைக்கு வரச் சம்மதமா? "படகை நான் பாத்துக்கறேன். கடலைக் கடல் பாத்துக்கும். ஆளுங்களை யாருக்கா பாத்துக்கறது?" சீசனின் கடைசிப் பயணம் முடிந்ததும் பதில் வேண்டும் என்றார். மறுநாள் படகைக் கரையேற்றிவிடுவார்கள். அடுத்த சீசனுக்கான ஆட்களைத் துறைமுக அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். அந்தக் கடைசிப் பயணம் இன்றைக்கு.

அக்காவுக்கு ஆசைதான். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ஒரு நிபந்தனையைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டிருக்கிறார். "என் வண்டி போற ஊரு ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும். எங்க தண்ணி கிடைக்கும், எந்த வீட்டு நாய் துரத்தும், எல்லாம். தெரிஞ்ச ஊருக்குத்தான் டிக்கெட் கிழிச்சேன். இங்க திமிங்கிலம் காட்டறேன்னு கூட்டிட்டுப் போகணும். நானே பாக்காத ஒண்ணை எந்த வாயால காட்டறேன்னு சொல்றது?" பார்த்தால் வேலை. பார்க்காவிட்டால் மகன் வீடு.

மகன் வீடு பெரிய நகரத்தில், பதினான்காவது மாடியில் இருக்கிறது. சனிக்கிழமை வண்டி வைத்துக்கொண்டு வருகிறான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கு மேலே உள்ள அக்காவின் அறையில் அட்டைப்பெட்டிகள் தயார். போன முறை வந்தபோது மகனே மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டுப் போயிருக்கிறான்: 'அம்மா துணி', 'அம்மா பாத்திரம்'. மூன்றாவது பெட்டியில் எழுத்தும் இல்லை, பொருளும் இல்லை. கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு பேசுகிறார் அக்கா. கீழே காற்றடிக்கும் யந்திரம் உறுமும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்.

"எனக்குன்னு தனி ரூம் வச்சிருக்கான். ஜன்னல் வேற."

ஜன்னலிலிருந்து என்ன தெரியும்?

"எதிர் பில்டிங்கோட பதினாலாவது மாடி." நீட்டிய காலை மடக்கிக்கொண்டு, "நல்ல பையன். அதான் தொல்லை. கெட்டவனா இருந்தா வரலைடான்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பேன்."

கடைசிப் பயணத்துக்கு வானம் வெளுத்திருக்கிறது; கடல் மட்டும் உள்ளுக்குள் புரள்கிறது. பச்சைச் சட்டைக்காரர், அக்கா சொன்னபடியே, துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் கணக்கை முடித்துக்கொண்டார். ஆனால் புதுப்பெண் அசையவில்லை. ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தனியாளாகத் தின்றுவிட்டு அடுத்ததைப் பிரிக்கிறாள். அக்காவுக்கு லேசான அவமானம். "மலையில எந்த வளைவு எங்க வரும்னு தெரியும். இங்க எந்தப் பக்கம் வளையறதுன்னு கடலுக்கே தெரியல" என்று சமாளிக்கிறார்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. யாரோ மிதக்கும் கட்டையைப் பார்த்துக் கத்தினார்கள். யாரோ அலையைப் பார்த்துக் கத்தினார்கள். அப்புறம் இடப்பக்கத்தில் நிஜமாகவே டால்ஃபின்கள். ஒன்று, மூன்று, ஒரு கும்பல். கேப்டன் இஞ்சினை நிறுத்தினார். படகு மொத்தமும் இடப்பக்கம் பாய்ந்தது. அக்காவும் ஓரடி எடுத்து வைத்தார். கழுத்தை நீட்டினார், முன்னால் இருந்தது கேமரா தூக்கிய ஒரு முழங்கை.

அந்த நேரம் பார்த்துத்தான் தூண் சாய்ந்தது. மாப்பிள்ளை முகம் வெளிறி, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, யாரும் இல்லாத வலப்பக்கத்துக்குத் தள்ளாடிப் போனார். அக்கா ஒரு முறை இடப்பக்கக் கூட்டத்தைப் பார்த்தார். ஒரு முறை மாப்பிள்ளையைப் பார்த்தார். "நீங்களுமா ராசா" என்று சொல்லிக்கொண்டே பையை உதறி விரித்தபடி அவர் பின்னால் போனார்.

"எங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க" என்றார் மாப்பிள்ளை, பைக்குள்ளிருந்து.

"சொல்ல மாட்டேன். ஆனா அவங்க பிஸ்கட் சாப்பிடறாங்க, அந்தப் பக்கம் மட்டும் திரும்பாதீங்க."

அடுத்த சத்தம் பேருந்து ஏர் பிரேக் விடுவதுபோல இருந்தது. நீளமான, கனமான ஒரு 'புஸ்'. வண்டி நின்றுவிட்டதென்று அக்காவின் உடம்பு நம்பிவிட்டது போல. பேருந்தின் படிக்கட்டைப் பார்க்கிற வேகத்தில் திரும்பினார். கைப்பிடிக் கம்பிக்கு அப்பால், ஒரு பேருந்தின் நீளம் தள்ளி, தண்ணீர் கருத்து மேலெழுந்து கொண்டிருந்தது. ஈரமான முதுகு. அது வந்தது, வந்துகொண்டே இருந்தது. முடியும் என்று நினைத்த இடத்தில் முடியவில்லை. அழுகின மீன் வாடையோடு ஒரு தூறல் இருவர் முகத்திலும் விழுந்தது.

அக்கா கத்தவில்லை. கத்தினால் இருபது சொச்சம் பேரும் இந்தப் பக்கம் விழுவார்கள் என்பது அந்த நிலையிலும் அவருக்கு ஞாபகம் இருந்தது. மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்துப் பைக்குள்ளிருந்து நிமிர்த்தித் திமிங்கிலத்தின் பக்கம் திருப்பினார். அவர் வாயைத் துடைக்க மறந்து நின்றார். பிறகுதான் அக்கா பின்பக்கம் ஒரு கையை உயர்த்தி, கண்ணை எடுக்காமலே குரல் கொடுத்தார். "யாரும் ஓடி வராதீங்க. குழந்தைங்க வச்சிருக்கிறவங்க முதல்ல, மெதுவா. மத்தவங்க அங்கயே நில்லுங்க. எல்லாருக்கும் இருக்கு, பெரிய சாமான்தான்."

படகு சாயவில்லை. பாதிப் பேர் வந்தார்கள், பார்த்தார்கள், விலகினார்கள். மீதிப் பேர் வந்தார்கள். திமிங்கிலம் இன்னும் இரண்டு முறை மூச்சு விட்டது. பிறகு வால் நிமிர்ந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கணம் நின்று, உள்ளே போயிற்று. அந்த இடம் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழப்பாகக் கிடந்தது. கேப்டன் மட்டும் கடலைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிக்கா?"

"ரெண்டு வண்டி நீளம், டிரைவர்." கைகளை அகல விரித்துக் காட்டினார். "ரெண்டு வண்டியைச் சேத்து வச்ச நீளம். ஹார்ன்கூட அடிக்காம வருது பாருங்களேன்."

கரையில் கேப்டனின் மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்டபோது அக்கா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓரமாகப் போய் மகனுக்குப் போன் போட்டார். "சனிக்கிழமை வண்டி வேண்டாம்டா. நீ மட்டும் வா… இல்ல, உடம்பெல்லாம் நல்லா இருக்கு… கோபம் எதுக்கு உன் மேல? அந்த ரூமை அப்படியே வை, மழைக் காலத்துல வருவேன்… வேலைடா, வேலை… சீசன் ஆரம்பிச்சா பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா. டிக்கெட் எடுத்துட்டு வா. கண்டக்டர் பையன்னு சும்மா ஏற முடியாது." எதிர்முனையில் நீண்ட நேரம் பேச்சு ஓடியது. காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் கேப்டனின் மனைவி பக்கத்தில் வந்து நின்றார். "ஒரு விஷயம் சொல்லாம விட்டுட்டோம்க்கா. படகுல வேலைன்னா நீச்சல் தெரியணும். துறைமுக ஆபீஸ்ல நீந்தச் சொல்லிப் பாப்பாங்க."

"எவ்வளவு தூரம்?"

"நீச்சல் தெரியாதாக்கா? உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்?"

"மலையில எங்கம்மா நீந்தறது?"

அக்கா செருப்பைக் கழற்றினார். கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டு, படகுத்துறையின் பாசி பிடித்த படிகளில் இறங்கி, கடைசிப் படியில் நின்றார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. இன்னும் ஒரு படி கீழே இருக்கிறதா என்று பெருவிரலால் துழாவிப் பார்த்தார், இருந்தது, இறங்கினார்.

நகராட்சி நீச்சல் குளத்தில் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் புதிய வகுப்பு தொடங்குகிறது. சேர்ந்திருப்பவர்களில் அக்காவைத் தவிர எல்லோருக்கும் வயது பத்துக்குள்தான்.