முனிராஜ் காத்திருந்த இருபது நிமிடம்

பெங்களூர் மர்பி டவுன் முனிராஜ் ரேடியோ வேலை கற்றது யுத்த காலத்து ராணுவப் பட்டறையில். தேர்வு எதுவும் எழுதியவரல்ல. ரேடியோப் பெட்டி திறந்திருக்கும்போது அவருடைய இடது கை கால்சட்டைப் பைக்குள் இருக்கும். இரண்டு கையும் பெட்டிக்குள் போனால் கரண்ட் நெஞ்சைக் கடக்கும் என்பார். கடைத்தெருவில் "மைனர்" என்று கேலி செய்தார்கள். அவர் கையை வெளியே எடுக்கவில்லை.

1958 ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், ரிச்சர்ட்ஸ் டவுனில் கோவிந்தப்பா வீட்டில் வேலை செய்த பாஞ்சாலிக்கு ஷாக் அடித்தது. கோவிந்தப்பா, பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே வானலையில் பேச அரசாங்க உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர். ராணுவம் கழித்த சாமான்களால் கட்டிய அவருடைய ஆம்ப்ளிஃபயருக்குள் ஆயிரத்தைந்நூறு வோல்ட் ஓடும். பூஜைக்காக அதன் உள்ளேயும் துடைக்கச் சொன்னவர் அவர் மனைவி யசோதா. பாஞ்சாலி பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் துணியை உள்ளே விட்டார். சுவரோரம் போய் விழுந்தார். இரண்டு விரல்கள் வெந்துபோயின.

பிளக்கைப் பிடுங்கியிருந்தால் கரண்ட் ஏது, இவள் பொய் சொல்கிறாள் என்றார் கோவிந்தப்பா. பேச்சு தெருவில் பரவியது. பாஞ்சாலி பாத்திரம் தேய்த்த வேறு இரண்டு வீடுகளும் பொய்க்காரியை உள்ளே விடலாமா என்று யோசித்தன.

பெட்டியைச் சரிபார்க்க வந்த முனிராஜ் உள்ளே ஒருமுறை பார்த்தார். கரண்டைத் தேக்கிவைக்கும் கன்டென்சர் இருந்தது. நிறுத்திய பிறகு அதை வடித்துவிடும் ரெசிஸ்டர் இல்லை. வெட்டிய கம்பி முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"அந்தம்மாவக் கூப்பிடுங்க சார். அவங்க முன்னாலதான் மேல வேலை."

பாஞ்சாலி கைக்கட்டோடு வந்து நின்றார். முனிராஜ் பெட்டியை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். பிளக்கைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பூஜைக்கு முகூர்த்தம் பார்க்கிறாயா என்று கோவிந்தப்பா கேட்டார்.

இருபது நிமிடம் கழித்து, காய்ந்த மரக்கழியின் நுனியில் கம்பி கட்டி, கம்பியின் மறுமுனையைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கி, நுனியைக் கன்டென்சரில் வைத்தார். பட்டாசு போல் வெடித்தது. கம்பி முனை கருகியது.

"பிளக் உங்க முன்னாலதான் கெடக்கு. அந்தம்மா சொன்னது பொய்யா சார்?"

யசோதா கணவர் பக்கம் திரும்பினார். "ஏன்ரீ, சூடாகுது சூடாகுதுன்னு போன மாசம் ஒரு பீங்கான் குழாயை வெட்டிப் போட்டீங்களே, அதா?"

அதுதான் அந்த ரெசிஸ்டர். கன்டென்சர் என்ன செய்யும் என்று படித்துத் தேறித்தான் அவர் உரிமம் வாங்கினார். தெரியாமல் செய்த தப்பென்றால் மன்னிக்கலாம். இவர் தெரிந்தே வெட்டினார். அடிபட்டவரையே பொய்க்காரி ஆக்கினார்.

நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றார் கோவிந்தப்பா, பெரிய மனது பண்ணுவதுபோல.

"வரேங்க ஐயா," என்றார் பாஞ்சாலி. "அதுக்கு முன்னாடி அந்த ரெண்டு வீட்டுக்கும் நீங்க வந்து, நான் பொய் சொல்லலன்னு சொல்லிடுங்க."

கோவிந்தப்பா அசையவில்லை. யசோதாதான் செருப்பை மாட்டிக்கொண்டு பாஞ்சாலியோடு போனார். முனிராஜ் புது ரெசிஸ்டர் வைத்து மூடியை முடுக்கிவிட்டு, துணைக்கு வருகிறேன் வாருங்கள் என்று கோவிந்தப்பாவைக் கூப்பிட்டும் பார்த்தார். தெருவில் நின்று வேலைக்காரிக்குச் சாட்சி சொல்ல அந்த மனிதருக்குக் கால் எழவில்லை.

இரண்டு வீடுகளும் பாஞ்சாலியை வைத்துக்கொண்டன. கோவிந்தப்பா வீட்டுப் படியை அவர் மறுபடி மிதிக்கவில்லை.