மூணாறுக்கு ஜீப் கேட்டேன்

ஐப்பசியில் மூணாறு போகலாமென்று இன்று காலை போடி ஜீப் ஸ்டாண்டில் விசாரித்தேன்.

"திங்கக்கிழமை வர்றேண்ணே," என்றார் டிரைவர்.

அவர் வண்டிக்குள் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இறங்கிவந்து தூக்குவாளியால் அவர் மண்டையில் ஓங்கி அடித்தாள்.

"அன்னைக்கு எங்கள யாருடா மலைக்கு ஏத்துவா? காய் பழுத்து வெடிச்சா கங்காணி எங்களத்தான வைவான்!"

சட்டையெல்லாம் ரத்தம். அவர் ஜாக்கி கம்பியைத் தூக்கினார். இன்னொருத்தி எறிந்த கல்லில் ஜீப்பின் முன்கண்ணாடி நொறுங்கியது. நான் டீக்கடைக்குள் ஓடி ஒளிந்தேன்.

ஓய்ந்ததும் எல்லோரும் அதே ஜீப்பில்தான் ஏறினார்கள்.

அடித்தவள் என்னைக் கூப்பிட்டாள். "இவன ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்கண்ணே. அன்னைக்கு எங்களுக்குச் சோலி இல்ல."

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே டிரைவரும் சரியென்றார்.

முன்கண்ணாடி இல்லாத வண்டி, மூணாறு குளிர் நேரே முகத்துக்கு வரும். யாரெல்லாம் வருகிறீர்கள்?