வாலாஜாபாத்திலிருந்து மண்ணூர் வரை, லாரியின் இடப்பக்கச் சீட்டில்

லாரியின் முன்பக்கம், கண்ணாடிக்குக் கீழே படிந்திருந்த தூசியில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரல்களும் தெளிவாகத் தெரிந்தன. அண்ணனிடம் காட்டினேன்.

"ரோட்ட தாண்ட சொல்லோ எவனாவது வெச்சிருப்பான்" என்றான். "எனக்கு இன்னா தெரியும்? சீட்ல குந்திக்கினா அங்க நிக்கிறவன் தல கூட கண்ணுக்குத் தெரியாது."

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் லாரியைத் தொட்டுக்கொண்டு நடந்திருக்கிறார், ஓட்டியவனுக்கு அது தெரியவே இல்லை.

அண்ணன் இந்த லாரியைப் பழையதாக வாங்கி நான்கு மாதம் ஆகிறது. அவனே முதலாளி, அவனே டிரைவர். கிளீனர் தன் அக்கா கல்யாணத்துக்குச் சிவகங்கை போய்விட்டார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் என்னை, "சும்மாதானே கீற, வா" என்று கூட்டிப்போனான். இப்படித்தான் போன புதன்கிழமை இந்தப் பயணம் நடந்தது. ஒரகடம் பக்கம் புதிதாக வேலைக்கு வந்து, அந்த ரோட்டை நடந்து தாண்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சொந்த லாரி என்றால் காலையில் பூஜை மாதிரி சில வேலைகள் உண்டு. அண்ணன் ஒரு இரும்புக் கம்பியை எடுத்து ஆறு டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டி, காற்று சரியாக இருக்கிறதா என்று சத்தத்தைக் கேட்டான். ரேடியேட்டர் தண்ணீர், ஆயில் பார்த்தான். நான் இரண்டு பக்கக் கண்ணாடியையும் துடைத்தேன். கம்பெனிகளில் சரக்கு அடுக்குகிற மரப் பலகைத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு ஐந்தரைக்கு வாலாஜாபாத்தை விட்டோம். மண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இறக்க வேண்டும்.

இடப்பக்கம் உட்காருகிறவருக்கு வேலை வாய்தான். டிரைவருக்குத் தெரியாத பக்கத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எனக்கோ கடையில் பால் கேட்கக்கூட இரண்டு தடவை தொண்டையைச் செரும வேண்டும். முதல் திருப்பத்தில் "பைக் வருது" என்று சொன்னேன்.

"இன்னா பாப்பா, காதுல ரகசியம் சொல்றியா? இஞ்சின் ஓடிக்கினு கீது!"

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கிளீனர்கள் செய்கிற மாதிரி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு வெளிக்கதவைத் தட்டுவது. ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் போ. அது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரகடத்தை நெருங்கும்போது ஆறே கால் இருக்கும். ஷிப்ட் மாறும் நேரம். எதிர்ப்பக்கத்தில் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட, அவர்கள் ரோட்டு நடுவே இருக்கும் மீடியன் திட்டில் ஏறி வரிசையாக நின்றார்கள். யாரும் நிறுத்தவில்லை. அண்ணன் நிறுத்தினான். அதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ராஜா மாதிரி, "போங்க, போங்க" என்று காட்டினான். ஆட்கள் சிரித்துக்கொண்டே தாண்டினார்கள்.

கூட்டம் போன பிறகு ஒரு பெண் தனியாக வந்தாள். என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. தயங்கினாள். அண்ணன் மறுபடியும் கையைக் காட்டினான். அவள் தலையாட்டிவிட்டு, லாரியின் முன்னால் குனிந்து ஓடி வந்தாள்.

அப்போது என் பக்கக் கண்ணாடியில் ஒரு பைக் தெரிந்தது. தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த சந்தில், எங்களை இடப்பக்கமாக முந்தி வேகமாக வந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கு அது தெரியாது. பைக்காரன் கண்ணுக்கு அவள் தெரியமாட்டாள். அவளுக்கு, டிரைவரே போகச் சொல்லிவிட்டார் என்ற நம்பிக்கை. கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கதவை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

அந்தச் சத்தத்தில் அவள் லாரியின் மூலையிலேயே அப்படியே நின்றுவிட்டாள். பைக் அவள் பையை உரசிக்கொண்டு போனது.

"கதவ இன்னாத்துக்குடி ஒடைக்கிற?" என்றான் அண்ணன். நான் கையால் காட்டினேன். அவன் எட்டிப் பார்த்தான். அவள் எங்களை நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது.

"யாத்தி! வண்டியத்தான் எடுக்கப் போறாகன்னு பயந்து நின்னேன்" என்றாள். பிறகு சிரிப்பும் அழுகையுமாக, "நல்லா தட்டுனீக தாயி" என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை எட்டிப் பார்த்துத் தாண்டினாள். அவள் இரண்டு காலும் மண்ணில் பட்டதைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

கொஞ்ச தூரம் தள்ளி, ஒரு டீக்கடையில் ஓரங்கட்டினோம். டீ பன்னிரண்டு ரூபாய், நன்றாகவே இருந்தது. அண்ணன் குடிக்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கை காட்டலன்னா அந்தப் பொண்ணு அங்கயே நின்னுகினு இருந்திருக்கும், இல்ல?"

நான் என் டீயை ஆற்றினேன். "இனிமே நிறுத்துறதோட சரி. கை காட்டுற வேல வேணாம்" என்று அவனே சொல்லிக்கொண்டான். பிறகு என் சிவந்த உள்ளங்கையைப் பார்த்து, "டயர் தட்டுற கம்பிய உன் கையில குட்த்திருந்தா இன்னிக்கு கதவே காலி" என்றான். இருவரும் சிரித்தோம். அதற்கு அப்புறம்தான் எனக்குப் பசித்தது.

அந்த வழியில் நடப்பவர்களுக்கு ஒன்று. லாரிக்காரர் கை காட்டுவது அவருடைய லாரிக்கு மட்டும்தான் பொருந்தும். பக்கத்தில் வருகிறவனுக்கு அவர் பொறுப்பல்ல, அவனை அவரால் பார்க்கவும் முடியாது. லாரியை ஒட்டி நடக்காமல், டிரைவர் முகம் உங்களுக்குத் தெரிகிற அளவு தள்ளி நடங்கள். லாரியின் ஓரம் வந்ததும் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த அடியை வையுங்கள். லாரி வைத்திருப்பவர்கள், இடப்பக்க மேல் மூலையில் கீழ்நோக்கி, வெளிப்புறம் புடைத்த ஒரு குண்டுக் கண்ணாடி மாட்டுங்கள். அண்ணன் அன்று சாயங்காலமே மாட்டிவிட்டான்.

டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் மறுபடியும் மீடியனில் ஒரு கூட்டம். அண்ணன் நிறுத்தினான், இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன. ஆட்கள் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். என் கண்ணாடியில் இரண்டு பைக் வந்துகொண்டிருந்தன. தோள் வரை கையை வெளியே நீட்டி, பைக்காரர்களைப் பார்த்து, "நில்லுங்கண்ணா! ஆளுங்க வராங்க!" என்று கத்தினேன்.