பிரிவதா என்று அக்காவிடம் கேட்டார்கள்

1995ஆம் ஆண்டுக் கோடையில் என் அக்கா கனடாப் பிரஜையானாள். யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்குப் போய், ஏழு வருஷமாக ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு அதோடு ஒரு வாக்கும் கிடைத்தது. அந்த முதல் வாக்கிலேயே அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி, கியூபெக் மாகாணம் கனடாவை விட்டுப் பிரிய வேண்டுமா என்பது.

"உலகத்தில எத்தினையோ கேள்வி இருக்கு. என்னட்டக் கேக்க இவைக்கு இதுதானா கிடைச்சது?" என்று அவள் தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நான் அப்போது டெக்சஸில், ரிச்சர்ட்சனில், தொலைபேசிச் சுவிட்சுகள் செய்கிற ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஆளுயர அலமாரிகள் போல அந்த இயந்திரங்கள் ஆய்வுகூடத்தில் வரிசையாக நிற்கும். ஆயிரக்கணக்கான பொய் அழைப்புகளை அவற்றுக்குள் அனுப்பி, எது எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. யாழ்ப்பாணத்தில் அம்மா தனியாக இருந்த வீட்டில் தொலைபேசி இல்லை. எங்கள் ஊரிலேயே வேலை செய்கிற தொலைபேசி எதுவும் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலைகளில் அக்கா எனக்கு ஃபோன் எடுப்பாள். முன்பெல்லாம் அம்மாவைப் பற்றித்தான் கதைப்போம். அந்த வருஷம் ஆவணி பிறந்ததிலிருந்து அவளுக்கு வேறு கதையே இல்லை.

"முதல்ல மிச்சக் கனடாவோட பேசுவினமாம். புதுசா ஒரு கூட்டு வேணுமெண்டு கேப்பினமாம். ஒரு வருஷத்துக்குள்ள சரிவரேல்லையெண்டால் தனிய வெளிக்கிடுவினமாம். அப்ப பாஸ்போட் எது, காசு எது எண்டு கேட்டால், அதையும் பேசித்தான் தீர்ப்பினமாம்."

"அத்தான் என்ன சொல்லுறார்?"

"அவர் கேள்வியை இங்கிலீசில ஒருக்கா வாசிச்சார், பிரெஞ்சில ஒருக்கா வாசிச்சார். ரெண்டிலயும் விளங்கேல்லையெண்டு போய்ப் படுத்திட்டார்."

தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் மேசைகள் இரண்டாகப் பிரிந்துவிட்டன என்றாள். பஸ்ஸில் ஒரு கிழவர் பேப்பரை வாசித்துக்கொண்டே வந்து, திடீரென்று அதை நாலாகக் கிழித்துக் காலடியில் போட்டாராம். பிரிய வேண்டும் என்பவர்களும் சலித்துப்போயிருந்தார்கள், கூடாது என்பவர்களும் சலித்துப்போயிருந்தார்கள். "ஓமெண்டாலும் சரி, இல்லையெண்டாலும் சரி, முடிச்சுவிடுங்கோ எண்டுதான் எல்லாரும் கத்துகினம்" என்றாள்.

எனக்கோ பேச்சுவார்த்தை என்ற சொல்லைக் கேட்டாலே அந்த வருஷம் எரிச்சல் வந்தது. தை மாதம் ஊரில் சண்டையை நிறுத்தி, அரசாங்கத்தின் ஆட்கள் ஹெலிகொப்டரில் யாழ்ப்பாணத்துக்கு வந்து இயக்கத்தோடு பேசினார்கள். வந்தவர்களைப் பார்க்க அம்மாவும் வீதிக்கரையில் போய் நின்றிருக்கிறார். அதைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருந்தார். "ஒவ்வொருக்காவும் வருகினம், கதைக்கினம், போகினம். நாங்கள் வெயிலில நிண்டு கை காட்டினதுதான் மிச்சம். சேர்ந்திருக்கிறதோ பிரியிறதோ, கெதியா ஒரு முடிவைச் சொன்னால் நாங்கள் விளக்குக்கு எண்ணெய் வாங்கலாமோ, கறண்ட் வருமெண்டு காத்திருக்கலாமோ எண்டாவது தெரியும்."

கடிதம் கொழும்பு வழியாகச் சுற்றி என் கைக்கு வந்தது வைகாசியில். அதற்குள் பேச்சு முறிந்து, சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. அபார்ட்மென்ட் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே அதை வாசித்தேன். பதில் எழுத உட்கார்ந்து, உட்கார்ந்து, எழுதாமல் எழும்பினேன்.

ஆய்வுகூடத்தில் எனக்கு அடுத்த மேசையில் ஒரு கியூபெக்காரர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கிழக்கு மொன்றியலில் பிறந்தவர், பிரெஞ்சு தாய்மொழி. நிறுவனம் அவரை இங்கே மாற்றியிருந்தது. மொன்றியல் பேப்பர் ஒன்று தபாலில் அவருக்கு மூன்று நாள் பிந்தி வரும். அதைப் பிரித்து மடித்து, கடைசிப் பக்கத்து மரண அறிவித்தல் வரை வாசிப்பார். மத்தியானத்தில் என்னோடும் என் அறைத்தோழியோடும் உட்கார்ந்து சாப்பிடுவார். அறைத்தோழி சென்னைக்காரி, அதே நிறுவனத்தில் மென்பொருள் எழுதினாள். அவளுடைய காரில்தான் நான் வேலைக்குப் போய் வந்தேன்.

அவருடைய அப்பா ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். சொந்த நகரத்தில், சொந்த மொழியில், மேலாளரிடம் லீவு கேட்க முடியாமல் இருந்தவர். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி வாங்கி, அதை மனப்பாடம் செய்துகொண்டு போவாராம். "முப்பது வருஷமாகப் பேசுகிறார்கள். ஆணைக்குழு, மாநாடு, ஒப்பந்தம். ஒன்றில் கையெழுத்துப் போடுவார்கள், இன்னொருவர் வந்து மாட்டேன் என்பார். என் அப்பா இதையெல்லாம் ரேடியோவில் கேட்டுக் கேட்டே செத்துப்போனார். இனி எனக்குப் பொறுமை இல்லை" என்பார்.

திரும்பி வரும்போது காரில் தோழி பொரிந்து தள்ளுவாள். சென்ட்ரல் எக்ஸ்பிரஸ்வேயைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்.

"என்ன கொறைச்சல் சொல்லு அவருக்கு? ரோடு இருக்கு, ஃப்ரீ ஹாஸ்பிடல் இருக்கு, கோர்ட் இருக்கு. இதெல்லாம் வெச்சுக்கிட்டு செபரேட் ஆகணும்னா சுத்த போர் அடிக்குதுன்னு அர்த்தம்!"

நான் ஜன்னலுக்கு வெளியே தோண்டிப் போட்ட மண்ணைப் பார்த்துக்கொண்டு வருவேன். என் அப்பா கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். சிங்களத்தில் சோதனை பாஸ் பண்ணினால்தான் பதவி உயர்வு என்று வந்தபோது, ஐம்பது வயதில் அரிவரிப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். எங்கள் முன்னால் படிக்க வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். ஆகவே லீவு கேட்க மனப்பாடம் செய்த அந்த மனிதரை எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவுக்குப் பிறகு எங்கள் ஊரில் என்னென்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐப்பசி பிறந்த வாரத்தில் ஒருநாள் அவர் கையில் ஒரு கடித உறையோடு கன்ரீனுக்கு வந்தார். வெளியூரில் இருப்பவர்கள் தபாலில் வாக்களிக்கலாம், ஆனால் மாகாணத்தை விட்டுப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அவர் வந்து இரண்டு வருஷமும் ஐந்து வாரமும் ஆகியிருந்தது.

"எனக்கு வாக்கு இல்லையாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன் அக்காவுக்கு இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கிறது."

அன்று அவர் சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து ஆய்வுகூடத்தில், நான் தரையில் குந்தியிருந்து ஒரு வயரைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உன் அக்கா எனக்காக 'ஆம்' என்று போடுவாளா?"

பகிடி என்று நினைத்து நிமிர்ந்தேன். அவர் முகத்தில் பகிடி இல்லை.

"அதை என்னிடம் எப்படிக் கேட்கிறீர்கள்? அவள் எங்கிருந்து வந்தவள் என்று தெரியாதா?"

"தெரியும். அதனால்தான் அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன்." அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. "என் வீட்டில் எல்லாருக்கும் அவரவர் வாக்கு இருக்கிறது. என்னுடையதுதான் இல்லை. பிறந்ததிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தேன்."

நான் வயரைப் போட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

அந்த வாரம் எனக்கு எதிலும் இருப்புக் கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்தை நோக்கி இராணுவம் பெரிய நடவடிக்கையைத் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தது. அம்மாவிடமிருந்து ஆவணிக்குப் பிறகு கடிதம் இல்லை. வேலை முடிந்து வந்ததும் அபார்ட்மென்ட் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். ஐப்பசியிலும் தார் சுட்டது. அவர் மேல் வந்த கோபம் ஒரு சுற்றில் ஆறும், அடுத்த சுற்றில் திரும்ப வரும்.

சனிக்கிழமை அக்கா எடுத்தபோது சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். அவர் கேட்டதை அப்படியே சொன்னேன்.

"அவற்ர அம்மா எங்க இருக்கிறா?"

"அங்கதான். மொன்றியல் கிழக்கில."

"வீட்டில ஃபோன் இருக்கோ?"

"இருக்கும்தானே, அக்கா."

"அப்ப அவரைத் தாயோட கதைச்சுக்கொண்டு இருக்கச் சொல்லு." பின்னால் சண்டை பிடித்த பிள்ளைகளை அதட்டிவிட்டு வந்தாள். "எனக்குப் பயமாயிருக்கடி. இஞ்சயும் நடுவால ஒரு கோட்டைக் கீறினால், இந்த ரெண்டு பிள்ளையளையும் கொண்டு நான் இனி எங்க போறது?"

திங்கட்கிழமை வாக்கெடுப்பு. வாக்களித்துவிட்டு வந்து அக்கா என் வேலைத்தலத்துக்கே எடுத்தாள். "இல்லையெண்டு போட்டிட்டன். அந்த மனிசனிட்டச் சொல்லு, கோபிக்க வேண்டாமெண்டு."

நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை கார் ரேடியோவில் முடிவைச் சொன்னார்கள். பிரிவு நூலிழையில் தோற்றிருந்தது. "அப்பாடா, தப்பிச்சாங்க" என்றாள் தோழி. அன்று ஹலோவீன், எல்லாரும் வேஷம் போடுகிற நாள். வரவேற்பறையில் இருந்த பெண் கறுப்பு நிறத்தில் சூனியக்காரித் தொப்பி போட்டிருந்தாள். எங்கள் மேலாளர் பசுமாட்டு வேஷத்தில், கழுத்தில் மணியோடு நடந்து திரிந்தார். கியூபெக்காரர் மட்டும் வழக்கமான நீலச் சட்டையில் தன் மேசையில் உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது.

"நேற்று எங்கள் தலைவர் மேடையில் பேசினதைக் கேட்டாயா?" என்றார் என்னைப் பார்க்காமல். "பணத்தாலும் வேற்று இனத்தாரின் வாக்குகளாலும் தோற்றோம் என்றார்."

"என் அக்கா இல்லை என்றுதான் போட்டாள்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கேட்க வெட்கமாக இருந்தது." பிறகு, "ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே நானும் அதைத்தான் நினைத்தேன். உன் அக்காவைத்தான் நினைத்தேன்" என்றார்.

அப்போது என் மேசைத் தொலைபேசி அடித்தது. அக்கா. பின்னால் தையல் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

"தங்கச்சி, தமிழ்ச் செய்தி சொல்லுற ஃபோன் லைனுக்கு அடிச்சுக் கேட்டனான். யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்டிட்டுதாம். இயக்கக்காரர் லவுட்ஸ்பீக்கர் கட்டிச் சொன்னவையாம், உடன வெளிக்கிடச் சொல்லி. நேற்றுப் பின்னேரம் தொடங்கி நடக்குதுகளாம். மழையாம். அம்மா…"

தொலைபேசியை வைத்துவிட்டு நான் அழுதேன். மேலாளர் மணி கிலுங்க வந்து எட்டிப் பார்த்து, தன் வேஷத்தை நினைத்துத் தயங்கி, விலகிப் போனார். கியூபெக்காரர் எழும்பி வந்தார்.

"யார் போகிறார்கள்?"

"எல்லாரும்."

"எல்லாரும் என்றால்?"

"ஊர். ஊர் முழுக்க."

அவருக்கு அது விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் என்னை ஆய்வுகூடத்துக்குள் கூட்டிப்போனார். கொழும்பில் பெரியம்மாவின் மகன் இருந்தார், அண்ணா என்று கூப்பிடுவேன். அந்த அண்ணாவின் எண்ணை ஒரு கடுதாசியில் எழுதித் தரச் சொன்னார் கியூபெக்காரர். ஒரு தொலைபேசியில் அவரும், இன்னொன்றில் நானும் மாறி மாறி அடித்தோம். எல்லா வழிகளும் நெருக்கடியில் உள்ளன என்று ஒரு பதிவுக் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அவர் தன் வேலை எதையும் அன்று தொடவில்லை. ஒவ்வொரு முறை தவறும்போதும் பிரெஞ்சில் மெல்ல ஏதோ திட்டிவிட்டு மறுபடி எண்களை அழுத்தினார். மூன்று மணிபோல அவருடைய தொலைபேசியில் மறுமுனையில் மணி அடித்தது. ரிசீவரை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"எனக்கும் ஒண்டும் தெரியாது, தங்கச்சி" என்றார் அண்ணா. "நாவற்குழிப் பாலத்தில சனம் நெருக்குப்பட்டு நிக்குதாம். அவ்வளவுதான் கேள்விப்பட்டனான்."

அதற்குப் பிறகு ஏழு வாரம் எந்தச் செய்தியும் இல்லை. அக்காவும் நானும் ஒவ்வொரு நாளும் கதைத்தோம், சொல்ல ஒன்றும் இல்லாமலே கதைத்தோம். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும். சோதனையை ஓடவிட்டு, அதைப் பதியவே மறந்துபோவேன். கியூபெக்காரர் காலையில் என்னைக் கண்டதும் புருவத்தை உயர்த்துவார், நான் இல்லை என்று தலையாட்டுவேன். வாக்கெடுப்பைப் பற்றி அவர் பிறகு கதைக்கவே இல்லை. மொன்றியல் பேப்பர்கள் பிரிக்கப்படாமல் அவருடைய மேசைக்குக் கீழே சேர்ந்தன. அடுத்த வசந்தத்தில் மாற்றல் கேட்டு வாங்கி ஊருக்குப் போய்விட்டார். போகும்போது அக்காவின் முகவரியைக் கேட்டார். கொடுத்தேன். அவர் அங்கே போனாரா என்றால், இல்லை. இரண்டு மார்கழியில் நத்தார் வாழ்த்து அட்டை மட்டும் வந்ததாம்.

மார்கழியில் அம்மாவின் கடிதம் வந்தது. ஒரு இரவும் ஒரு பகலும் நடந்து, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒன்பது குடும்பங்களோடு இருந்தார். சித்திரையில் அந்தப் பக்கமும் இராணுவத்திடம் போக, வந்த வழியே திரும்பி நடந்து வீட்டுக்குப் போனார். வீட்டில் கதவுகள் இருக்கவில்லை. அடுத்த வருஷம் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து, மொன்றியல் விசாவுக்காக ஒரு லொட்ஜில் தங்கினார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த லொட்ஜின் தொலைபேசியில்தான் முதல்முறை அம்மாவின் குரலைக் கேட்டேன். நடந்ததைப் பற்றிக் கேட்டேன். "எல்லாரும் நடந்தவை, நானும் நடந்தனான்" என்று அதை ஒரு வசனத்தில் முடித்துவிட்டார். அவருக்கு வேறு குறை இருந்தது.

"இஞ்ச நாள் முழுக்க ரேடியோவில, அரசாங்கம் தமிழருக்குத் தரப்போற தீர்வுப் பொதி, தீர்வுப் பொதி எண்டு கத்துறாங்கள். ரெண்டு வருஷமாக் கத்துறாங்களாம். பொதியெண்டால் அவிட்டுக் காட்டுங்கோவன். உள்ளுக்க என்ன கிடக்கெண்டு ஒருத்தனும் காட்டுறானில்லை, பிள்ளை."

பிறகு, பின்னால் நாலு பேர் ஃபோனுக்கு நிற்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.