பதினைந்தாவது சாவு

மலக்கி டூலனுக்குச் சாவு பழகிப்போன வேலை. விக்லோ மலையடியில் ஆறு வருடமாகப் படமாகும் வைக்கிங் டிவி தொடரில் துணை நடிகனாகப் பதினான்கு தடவை செத்திருக்கிறான். அம்பு பட்டு, கோடரி பட்டு, ஒருமுறை குதிரை மிதித்து. தாடியை மழித்துவிட்டால் வேறு ஆள்; மறுவாரமே எதிரிப் படையில் நிற்பான். மழையோ பனியோ, ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை.

வீட்டில் மனைவி நூலா படுத்த படுக்கை. ஈஸ்டர் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தொடரின் அடுத்த பாகம் வருவதோ நவம்பரில். ஹால்டிஸ் என்ற வாள்காரி பிழைப்பாளா மாட்டாளா, அதைத் தெரிந்துகொண்டுதான் போவேன் என்று பிடிவாதம் அவளுக்கு.

கதையை வெளியே விடமாட்டேன் என்று மலக்கி எழுதிக் கொடுத்திருந்தான். அது கிடக்கட்டும் குப்பையில்! ஹால்டிஸ் செத்த விதத்தை நூலாவிடம் எந்த வாயால் சொல்வது?

அன்று காலைதான் ஹால்டிஸின் பிணத்தைத் தூக்கிப் போகும் காட்சி. நூறு பேர் சேற்றில் வரிசையாக நின்றார்கள். பாடை பக்கத்தில் வந்ததும் மலக்கியின் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து வரிசை முழுக்க.

"நிறுத்துங்கய்யா! நீங்கல்லாம் ஏசு பேரே கேள்விப்படாத ஆளுங்க!" என்று உதவி இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டாம் முறை மற்றவர்கள் அடக்கிக்கொண்டார்கள். மலக்கியால் முடியவில்லை. மூன்றாம் முறையும் அப்படியே. பாடையில் வெளுத்துக் கிடந்த முகம் அவனுக்கு நூலாவாகவே தெரிந்தது. கடைசியில் இரண்டு கையிலும் ஈட்டியும் கேடயமும் கொடுத்துப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நூலா கேட்டாள்.

"ஹால்டிஸ் இருக்காளா, போயிட்டாளா?"

"கல்லு மாதிரி இருக்கா."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத, மனுஷா. பக்கத்து வீட்டு பிரீடா உன் வரிசையிலதான நின்னா? பாடை போனதை வந்து சொல்லிட்டா. மூணு தடவை சிலுவை போட்டியாமே!"

மலக்கி நாற்காலியில் சரிந்தான். பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லை.

"ஆமா. போயிட்டா."

"சண்டையிலயா?"

"படுக்கையில. காய்ச்சல்."

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டான். நூலா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"அடப்பாவிங்களா! அஞ்சு பாகம் வாள் தூக்குனவளைப் படுக்கையிலயா கொன்னானுங்க? ஊரே காறித் துப்பப் போவுது." மூச்சு வாங்கியது. "ஆனா, எழுதுனவன் வெவரம் தெரிஞ்சவன்தான். எனக்கு மட்டும் என்ன, போர்க்களமா கெடைச்சுது? சரி, கடைசியில பக்கத்துல யாரு இருந்தா?"

"யாருமில்ல. ஒரு மெழுகுவத்தி. அதுதான் பாக்கறவங்க மனசைப் பிசையுமாம்."

"அது தப்பு," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. "மத்தது எப்படி வேணா இருக்கட்டும். அது தப்பு, மலக்கி. எனக்கு பயமா இருக்கு. நாளைக்குப் போகாத."

"நாளைக்கு எனக்கு ஒரு சாவு இருக்கே, நூலா. ஆத்துல விழணும்."

"வேற எவனையாவது விழச் சொல்லு."

அவன் போனை எடுத்து உதவி இயக்குநரைக் கூப்பிட்டான்.

"தம்பி, மலக்கி பேசறேன். நாளைக்கு நான் சாக வரலை. வீட்டுல இருக்கணும்."