ஒரே வரியில் புதிதான குற்றாலம்

பதினோரு வருடமாக ஒரு கம்பெனிக்கு வணிக மென்பொருள் எழுதுகிறேன். இப்போது தென்காசியில் வீட்டிலிருந்தே வேலை. விலாசங்களில் வேண்டாத புள்ளியை நீக்குவது, சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது, ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது, இதுதான் என் அன்றாடம். சொந்தக்காரர்களிடம் மட்டும் இதை வேறு மாதிரி சொல்லிவைத்திருக்கிறேன்.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சி என் கணவரின் சிநேகிதர். அறை பதிவு செய்கிறவர்களுக்குத் தானாக மெசேஜ் போக அவருக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். பதிவு செய்ததும் ஒரு தடவை, வருவதற்கு முந்தின நாள் நினைவூட்டலாக இன்னொரு தடவை. அறைக்கு ஒன்றாக முப்பது மெசேஜ்.

சாரல் தொடங்கிய வாரம் அவர் போன் செய்தார்.

“யம்மா, பழைய பிளாக்கை இடிச்சுக் கட்டியாச்சுல்லா. மெசேஜ்ல புதிய பிளாக்னு மாத்தணும். ரொம்ப நேரமாவுமோ?”

“ஒரே வரி அண்ணாச்சி.”

‘பழைய’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘புதிய’ என்று வை. அவ்வளவுதான். ஓட்டிவிட்டு, முப்பதில் ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்காமல் டீ போடப் போனேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்க? வந்த ஆளுவ பூரா புதிய குற்றாலம் எங்கன இருக்குன்னு கேக்குதாவ. நான் பொறந்ததுல இருந்து இங்கனதான் கெடக்கேன், எனக்கே தெரியலியே!”

பழைய குற்றால அருவியையும் நான் புதிதாக்கியிருந்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் சங்கடப்படாமல் ஒரு குடும்பத்தை ஐந்தருவியில் கொண்டுபோய் இறக்கி, “இதுதான் புதுசு” என்று சொல்லியிருக்கிறார். பழைய பஸ் ஸ்டாண்டில் லாட்ஜ் வேன் காத்துக்கிடக்க, ஆட்கள் புதிய பஸ் ஸ்டாண்டில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள்.

பதற்றத்தில் மூளை வேலை செய்யவில்லை. அதே வரியைத் திருப்பிப் போட்டேன். ‘புதிய’ என்பதெல்லாம் ‘பழைய’ ஆகட்டும். முதலிலிருந்தே புதியதாக இருந்தது எது, என்னால் புதியதானது எது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் நான். போதாததற்கு, மூலத்தின் நகல் ஒன்றுகூட எடுத்து வைத்திருக்கவில்லை. கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நகல் எடுப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பவளும் நானேதான்.

மறுநாள் காலை லாட்ஜுக்கே போனேன். ரிசப்ஷனில் தூத்துக்குடிக்கார அம்மா ஒருவர் போனை நீட்டிக்கொண்டு நின்றார்.

“ரூம் போட்டப்ப புதிய சோப்பும் புதிய துண்டும் தருவோம்னு அனுப்புனீங்க. நேத்து வந்ததுல பழைய சோப்பு, பழைய துண்டுன்னு இருக்கு. யாரு போட்ட சோப்பு அது?”

அண்ணாச்சி என் பக்கம் கையைக் காட்டினார்.

அந்த அம்மாவின் போனைக் கெஞ்சி வாங்கினேன். ரூம் போட்ட அன்று போன மெசேஜ், நான் கை வைப்பதற்கு முந்தியது, அப்படியே இருந்தது. அதை எனக்கு அனுப்பிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“எடுத்துக்கோ. எனக்கு நல்ல சோப்பு குடுக்கச் சொல்லு, போதும்.”

உறை பிரிக்காத சோப்பு இரண்டைக் கொடுத்தோம்.

பிறகு ரிசப்ஷன் மேசையிலேயே உட்கார்ந்து, அந்த ஒன்றைப் பார்த்து முப்பதையும் கையால் திருத்தினேன். இந்தத் தடவை ‘பழைய பிளாக்’ என்று இரண்டு சொல்லும் சேர்ந்து வந்த இடத்தில் மட்டும் மாற்றினேன். தப்பான மெசேஜ் போனவர்களுக்கு நானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். எல்லாம் முடிந்து எழுந்தபோது அண்ணாச்சி விடவில்லை.

“ஒண்ணொண்ணா சத்தமாப் படி, கேக்கேன்.”

பன்னிரண்டாவது மெசேஜில் அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். நான் நிறுத்தவில்லை. முப்பதையும் படித்து முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.